கண்மாய்க்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர்

முதலில் ஒரு வாக்குமூலம் கொடுத்துவிடுகிறேன். அந்த ரோடு வேண்டும் என்று மனு எழுதியவனே நான்தான்.

போடிநாயக்கனூரிலிருந்து சிலமலை, ராசிங்காபுரம் வழியாகத் தேவாரம் போகிற பஸ்ஸில் நீங்கள் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் வலது கைப் பக்கம் கூடவே வருகிற மலையை மறந்திருக்க மாட்டீர்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. ஏலத்தோட்டம், மிளகு, ஆனி ஆடி மழை. இந்தப் பக்கம் நாங்கள். தென்மேற்குப் பருவமழையெல்லாம் அங்கேயே கொட்டித் தீர்த்துவிட்டு, எங்களுக்குக் காற்றை மட்டும் அனுப்பிவைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மாதம் பெய்கிற மழையைப் பிடித்துவைத்துத்தான் வருஷம் முழுக்க ஓட்டியாக வேண்டும். அந்த ரோட்டிலிருந்து பொட்டிபுரம் பக்கமாக மலையடிவாரத்துக்குப் பிரிகிற கிளை ரோடுகளில் ஒன்றில் இருக்கிறது என் தாய்மாமா ஊர். ஊர்ப் பெயர் வேண்டாமே. மாமா இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்.

2016 ஐப்பசியில் ஒரு ராத்திரி, விறகு எடுக்கக் கொல்லைக்குப் போன அத்தையைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. 108 வந்துவிட்டது. அத்தையை ஏற்றியாகிவிட்டது. ஊரைத் தாண்டினால் கண்மாய்க்கரை. கரைமேல்தான் ரோடு. ஓரமெல்லாம் அரித்துப்போய், பத்தடி அகலம் தேறினால் அதிகம். கரையின் நடுவில் எதிரே ஒரு ஜீப். தோட்ட வேலைக்குப் போய்த் திரும்புகிற பெண்கள் பத்துப் பதினைந்து பேர் அதில். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பள்ளத்தில் வயல். ஒதுங்க இடமில்லை. அந்த ஜீப் டிரைவர் இருட்டில் கரை முழுவதையும் ரிவர்ஸிலேயே கடந்தார். பதினைந்து நிமிஷம். அத்தை பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது காலில் இரண்டு விரல்கள் இன்று இல்லை.

அந்தப் பதினைந்து நிமிஷம் முன்னாடி போயிருந்தால் விரல் மிஞ்சியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. நான் மனு எழுதினேன். பத்திரிகைக்காரன் எழுதிய மனு என்பதால் கொஞ்சம் உருக்கமாகவே இருந்தது. ஊரில் நூற்றுச் சொச்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

இந்த நாட்டில் மனுக்கள் பலிப்பதும் உண்டு. 2020-ல் ரோடு மஞ்சூராகிவிட்டது.

விவரம் சொல்ல ஊருக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர். மரத்தடியில் நாற்காலி போட்டு, வரைபடத்தை விரித்துவைத்துப் பொறுமையாகச் சொன்னார். "பாருங்க, இப்ப இருக்கறது ஒத்தை ரோடு. அஞ்சரை மீட்டர் தார், ரெண்டு பக்கமும் மண் ஓரம். கரையை அகலப்படுத்தியாகணும். வெளிப்பக்கம் போனா பட்டா நிலம். நஷ்டஈடு, கோர்ட்டு, கேஸுன்னு பத்து வருஷம் இழுக்கும். உள்பக்கம் புறம்போக்கு. ஒரு பிரச்னையும் இல்ல. கண்மாய்ல அரை ஏக்கர் போகும். அதுக்குப் பதிலா முக்கால் ஏக்கர்ல புதுசா ஒரு குளம் வெட்டித் தந்துடறோம்."

கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன். நான் படித்தது பி.காம். அரை ஏக்கர் பற்று, முக்கால் ஏக்கர் வரவு. கால் ஏக்கர் லாபம். ஐந்தொகை டாலியாவது மட்டுமில்லை, உபரியே நிற்கிறது.

கை தட்டாமல் உட்கார்ந்திருந்தது மாமா மட்டும்தான். வீட்டுக்கு வரும் வழியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "கண்மாய்க்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் போட்டுட்டாய்ங்க மாப்ள."

அன்றைக்கு அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன்.

ரோடு 2021-ல் முடிந்தது. அருமையான ரோடு. குறை சொல்ல மனசு வராது. இப்போது இரண்டு வண்டிகள் தாராளமாக ஒதுங்கிப் போகின்றன. அடுத்த வருஷம் சொன்ன வாக்கும் தவறாமல் குளமும் வெட்டிக் கொடுத்தார்கள். ஊருக்கு மேற்கே, கரட்டடியில், சும்மா கிடந்த புறம்போக்கில். நாலு பக்கமும் ஸ்கேல் வைத்து வெட்டினாற்போல ஒரு செவ்வகம், ஐந்தடி ஆழம், முன்னால் பெயர்ப்பலகை. போட்டோவில் பார்த்தால் நீச்சல்குளம் மாதிரி இருக்கும்.

அதில் தண்ணீர் மட்டும் இல்லை. அந்த வருஷ ஐப்பசியில் நல்ல மழை. நாலு நாள் முழங்கால் அளவு நின்றது. ஐந்தாம் நாள் சேறு. பத்தாம் நாள் உள்ளே இறங்கி வெள்ளாடு மேய்ந்துகொண்டிருந்தது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது மாமா என்னைக் கண்மாய்க்கரையில் முழுசாக ஒரு நடை நடத்திக் கூட்டிப்போனார். எழுபது வயசுக்காரர். சின்ன வயசில் மடை திறந்துவிடுகிற வேலை பார்த்தவர். அன்று அவர் சொன்னதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன். நகரத்தில் இருக்கிற நமக்குக் கண்மாய் என்றால் தண்ணீர் நிற்கிற பள்ளம். எனக்கும் அன்று வரை அப்படித்தான்.

கண்மாய் பள்ளமே இல்லை. அது ஒரு கரை. லேசாகச் சரிந்து இறங்குகிற நிலத்தில், மழைத்தண்ணீர் ஓடி வருகிற பாதையை மறித்துப் பிறை வடிவில் போட்ட மண்கரை. அந்தச் சரிவு ஒரு பக்கம், கரை ஒரு பக்கம், நடுவில் தண்ணீர் தானாக நிற்கும். தோண்டத் தேவையில்லை. மேலே மலையிலிருந்து ஓடைகள் வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கு வரும். நிரம்பினால் மறுகால் பாய்ந்து கீழே இருக்கிற அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. ஒன்றின் மிச்சம் இன்னொன்றின் முதல். தமிழ்நாட்டில் இப்படி ஏரி, கண்மாய், குளம் என்று 39 ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன என்பது அரசாங்கக் கணக்கு. தனித்தனியாக எண்ணினால்தான் 39 ஆயிரம். தண்ணீரைப் பொறுத்தவரை அவை சங்கிலி சங்கிலியாகத்தான் கிடக்கின்றன.

"இப்ப இந்த அரை ஏக்கரைப் பாரு" என்று ரோட்டின் ஓரத்தில் நின்று காட்டினார் மாமா. "கண்மாய்லயே ஆழம் எங்க? கரையை ஒட்டித்தான். மடை எங்க இருக்கு? கரையிலதான். உள்வாய்ப் பக்கம் போகப் போக முழங்கால், கணுக்கால்னு குறைஞ்சுக்கிட்டே போகும். கோடையில கடைசியாத் தண்ணி நிக்கிறது எங்க? இங்கதான். மாடு குடிக்க வர்றது இங்க. மீனு ஒதுங்குறது இங்க. அம்புட்டையும் தூத்து மேல தாரைப் போட்டாச்சு."

நான் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். கரையோரம் சராசரி ஆறடி ஆழம் என்றால், அரை ஏக்கரில் மூன்று ஏக்கர் அடித் தண்ணீர். ஏறக்குறைய 37 லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரி என்றால் முந்நூறு லோடு. கண்மாயின் மறு ஓரத்தில், ஓரடித் தண்ணீர் நிற்கிற இடத்தில் இதே அளவு வேண்டுமென்றால் மூன்று ஏக்கர் ஆகும். ஏக்கரை மட்டும் எண்ணுவது, நோட்டில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் நோட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது மாதிரி. ஐநூறு ரூபாய்த் தாள் இரண்டு கொடுத்துவிட்டுப் பத்து ரூபாய்த் தாள் மூன்று வாங்கிக்கொண்டு, ஒரு தாள் லாபம் என்று கை தட்டியிருக்கிறேன். பி.காம்.

புதுக்குளமும் ஐந்தடி ஆழம், முக்கால் ஏக்கர், காகிதத்தில் கொள்ளளவு அதிகம்தானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மாமா குனிந்து கண்மாய்க்குள்ளிருந்து ஒரு கை கரம்பை மண்ணை எடுத்து உருட்டிக் காட்டினார். கறுப்பாக, களிமண் போலப் பிசுபிசுவென்று உருண்டது. தலைமுறை தலைமுறையாக வெள்ளம் கொண்டுவந்து படியவைத்த வண்டல் அது. அடியில் மெழுகு பூசினாற்போலத் தண்ணீரைத் தாங்கும். மெதுவாகத்தான் கீழே விடும். அந்த மெதுவில்தான் சுற்றியுள்ள கிணறுகள் ஊறும். கரட்டடியில் வெட்டிய குளத்தின் தரை சரளை மண். சல்லடை. அதுவும் போகட்டும், அந்தக் குளத்துக்கு வரத்துக்கால் எங்கே? கிடையாது. வானத்திலிருந்து நேராக அதன்மேல் விழுகிற மழை மட்டும்தான் அதன் வருமானம்.

அதைவிடப் பெரிய சேதாரம் ஒன்று இருந்தது. அதை மாமா கடைசியில்தான் காட்டினார். கரை முடிகிற இடத்தில் ரோடு திரும்பி, வரத்துக்காலைக் குறுக்கே கடக்கிறது. பழைய ரோடு அங்கே தரைமட்டம். மழை பெய்தால் ரோட்டின் மேலேயே தண்ணீர் ஓடும். அரைமணி நேரம் பஸ் நிற்கும், அவ்வளவுதான். புது ரோட்டை உயர்த்தி, அடியில் குழாய் பதித்திருக்கிறார்கள். அந்தக் குழாயின் வாய் ஓடைத் தரையைவிட ஓரடி மேலே இருக்கிறது. பெருவெள்ளம் வந்தால் ஏறிப் போகும். சாதாரண மழையில் வருகிற தண்ணீர் குழாய்க்கு ஏறாமல் ரோட்டோரமாகவே ஒதுங்கி, யாரோ ஒருவர் தோட்டத்துப் பள்ளத்தில் போய் விழுகிறது. ஆக, அரை ஏக்கர் போனதாக நினைத்துக்கொண்டிருந்தோம். மிச்சக் கண்மாய்க்கும் பாதி வரத்து போய்விட்டது. இந்த ஓரடி எந்தக் கணக்கிலும் இல்லை. பற்றிலும் இல்லை, வரவிலும் இல்லை.

மாமாவின் கிணற்றில் இப்போது பங்குனியிலேயே மோட்டார் காற்று வாங்குகிறது. முன்பெல்லாம் வைகாசி வரை தாங்கும்.

பொட்டிபுரம் என்ற பெயரை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வருவதாகச் சொன்ன ஊர். அம்பரப்பர் மலையைக் குடைந்து, உள்ளே 50 ஆயிரம் டன் இரும்புக் கருவியை வைக்கும் திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுபடி அனுமதி கொடுத்தது. 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டமே வேண்டாம் என்றது. மலை இன்னும் குடையப்படவில்லை. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா எத்தனை கிலோமீட்டர், பாறை வெடித்தால் அணைக்கு என்னாகும், தண்ணீர் எவ்வளவு எடுப்பீர்கள் என்று நாடே கேள்வி கேட்டது. கேட்டது சரி. எனக்கு அதில் இரண்டு பக்கத்திலும் நண்பர்கள் உண்டு.

அதே மலையடிவாரத்தில் ஒரு ஊர் ரோடு கண்மாயில் அரை ஏக்கரைத் தூர்த்தால் யார் கேள்வி கேட்பார்கள்? யாரும் கேட்க வேண்டியதில்லை. 2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் பெரிய நெடுஞ்சாலைகள் வரும். கிராமச் சாலை வராது. சரி, கண்மாயின் பக்கத்திலிருந்து பார்ப்போம். கண்மாய், குளம், சதுப்பு, கழிமுகம் எல்லாவற்றையும் சேர்த்து அரசாங்கத் தமிழில் 'ஈரநிலம்' என்கிறார்கள். ஈரநிலங்களைக் காக்க மத்திய அரசு 2017-ல் விதிகள் கொண்டுவந்தது. அதன் விளக்கத்திலேயே, பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதன் உண்டாக்கிய நீர்நிலைகள் இதில் சேராது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நம்ம ஊர்க் கண்மாய் எல்லாமே மனிதன் பாசனத்துக்கு உண்டாக்கியதுதானே? முதல் பக்கத்திலேயே வெளியே போயாகிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்கள் என்று தருகிற ராம்சர் அங்கீகாரம் தமிழ்நாட்டில் 2025-ல் 20 இடங்களுக்கு ஆனது. கடைசியாகச் சேர்ந்த இரண்டு எவை தெரியுமா? ராமநாதபுரம் மாவட்டத்தின் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல். இரண்டும் கண்மாய்கள். பறவை வந்து உட்கார்ந்தால் ஈரநிலம், மாடு வந்து குடித்தால் புறம்போக்கு.

ரோட்டுக்காக மரத்தை வெட்டினாலாவது ஒன்றுக்குப் பத்து நடச் சொல்கிற கோர்ட் உத்தரவுகள் இருக்கின்றன. நட்டார்களா, தழைத்ததா என்பது வேறு கதை. கேட்கவாவது ஒரு எண் இருக்கிறது. தண்ணீருக்கு அந்த எண்ணும் இல்லை. சென்னை வாசகர்கள் சிரிக்க வேண்டாம். பல்லாவரம் பெரிய ஏரியை நடுவில் பிளந்துகொண்டுதான் துரைப்பாக்கத்துக்கு 200 அடி ரோடு போகிறது. மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தி.நகர் வந்தது. பக்கத்தில் 'லேக் வியூ ரோடு' மட்டும் இன்னும் இருக்கிறது. எந்த லேக், எந்த வியூ என்று கேட்கக் கூடாது.

ஏன் ரோடு எப்போதும் நீர்நிலையைத் தேடியே போகிறது? பொறியாளர்களுக்குத் தண்ணீர் மேல் விரோதம் எதுவும் இல்லை. எஸ்டிமேட்டைப் பாருங்கள். பட்டா நிலத்துக்கு விலை உண்டு, நஷ்டஈடு உண்டு, வக்கீல் உண்டு. கண்மாய் நிலத்துக்கு எதிரே பூஜ்யம். எங்கள் பாடத்தில் இதைப் புத்தக மதிப்பு என்போம். புத்தகத்தில் பூஜ்யம் போட்டிருக்கிற சொத்தை யாராவது விட்டுவைப்பார்களா?

இப்படியே புலம்பிக்கொண்டிருந்த சமயத்தில்தான் ஒரு வக்கீல் நண்பர் 2019 நவம்பர் 25-ம் தேதியிட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைப் படிக்கச் சொன்னார். உத்தரப்பிரதேசத்தில் கிரேட்டர் நொய்டா பக்கம் சைனி என்று ஒரு கிராமம். ஊர்க் குளங்களைத் தொழிற்சாலைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஊர்க்காரர் ஒருவர் வழக்குப் போட்டார். அதிகாரிகள் சொன்ன பதில் நம்ம மரத்தடிப் பதிலேதான்: மாற்றுக் குளம் வெட்டித் தருகிறோம், அதுவும் பெரிதாக. பசுமைத் தீர்ப்பாயத்தில் அவர் தோற்றுவிட்டார். உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் சூர்ய காந்த்தும் அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். வேறிடத்தில் ஒரு குளம் வெட்டுவதால் இங்கே அழிகிற குளத்தின் பாதிப்பு ஈடாகிவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, மக்கள் தண்ணீருக்குத் தொலைதூரம் போக வேண்டிவரும், சுற்றுச்சூழலை இப்படி இயந்திரத்தனமாகப் பார்க்கக் கூடாது என்பது அதன் சாரம். மூன்று மாதத்துக்குள் குளங்களையும், அவற்றுக்கு மழைத்தண்ணீர் வருகிற பாதையில் இருக்கிற தடைகளையும் சரிசெய்யச் சொன்னார்கள். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு அந்தக் குழாயின் வாய் ஞாபகம் வந்தது. மாமாவிடம் போனில் படித்துக் காட்டினேன். "டெல்லியில இருக்கவுகளுக்கு இது எப்பிடித் தெரிஞ்சுச்சு?" என்றார்.

அப்படியானால் ரோடே போடக் கூடாதா? அத்தையின் காலைப் பார்த்துக்கொண்டு அதை என்னால் சொல்ல முடியாது. உங்கள் ஊரிலும் ஆம்புலன்ஸ் திரும்ப முடியாத கரைகள் இருக்கும். அதனால் ரோடும் போட்டு, தண்ணீருக்கும் பதில் சொன்ன ஊர் எங்காவது உண்டா என்று தேடினேன்.

அமெரிக்காவில் மின்னசோட்டா என்று ஒரு மாநிலம். ஏரிகள் நிறைந்த ஊர். 1991-ல் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஈரநிலத்தைத் தூர்ப்பவர் முதலில், தூர்க்காமல் முடியாதா என்று பார்த்தாக வேண்டும். முடியாவிட்டால் எவ்வளவு குறைக்கலாம் என்று பார்க்க வேண்டும். அதற்கும் அப்புறம்தான் பதிலுக்கு உண்டாக்கித் தருவது. இந்த வரிசை முக்கியம். நம்ம மரத்தடியில் மூன்றாவதிலிருந்து ஆரம்பித்துவிட்டோம். சின்னச் சின்ன உள்ளாட்சிகள் ரோட்டைப் பாதுகாப்புக்காக அகலப்படுத்தும்போது இந்தப் பாரத்தை அவர்களால் சுமக்க முடியாது என்பதால், 1996 முதல் பதில் ஈரநிலம் உண்டாக்குகிற பொறுப்பை மாநிலத்தின் நீர், மண் வள வாரியமே ஏற்றுக்கொண்டது. அதற்காக ஒரு வங்கியே இருக்கிறது. பணம் போட்டு எடுக்கிற வங்கி இல்லை, ஈரநில வங்கி. முன்கூட்டியே நிலத்தை உயிர்ப்பித்து வரவு வைத்துக்கொள்வது, ரோட்டுக்குப் போகும்போது பற்று எழுதுவது. பல இடங்களில் ஒரு ஏக்கருக்கு இரண்டு ஏக்கர்.

பி.காம் மனசு எப்படிக் குளிர்ந்திருக்கும், பாருங்கள். ஆனால் மேற்கொண்டு படித்ததில் கொஞ்சம் சூடும் வந்தது. 2001-ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுக்க இப்படிப் பதிலுக்கு உண்டாக்கியவற்றை ஆராய்ந்து, மொத்தத்தில் ஈரநிலம் குறையவே கூடாது என்ற இலக்கு நிறைவேறவில்லை என்று சொல்லிவிட்டது. சில வகை நிலங்களை மனிதனால் திரும்ப உண்டாக்கவே முடியாது, அவற்றைத் தொடாமலிருப்பதே வழி என்றும் சொன்னது. கணக்குப் புத்தகமும் ஆடிட்டரும் இருக்கிற ஊரிலேயே இந்தக் கதி.

ஆனால் அங்கே நான் பிடித்துக்கொண்ட விஷயம் ஒன்று. பலித்த இடங்களில் பல, புதிதாகத் தோண்டியவை இல்லை. முன்னொரு காலத்தில் விவசாயிகள் நிலத்துக்கடியில் குழாய் பதித்துத் தண்ணீரை வடித்துக் காயவைத்த பழைய ஈரநிலங்கள். அந்தக் குழாயை உடைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். தண்ணீர் தன் பழைய இடத்துக்குத் தானே வந்து உட்கார்ந்துகொண்டது.

தண்ணீருக்கு அந்த ஞாபகசக்தி உண்டு. ஞாபகப்படுத்துவதும் உண்டு. மலைக்கு அந்தப் பக்கமே பாருங்கள். கண்ணூர் மாவட்டம் கீழாற்றூரில் வயல் நடுவே பைபாஸ் வேண்டாம் என்று 'வயல்கிளிகள்' என்ற பெயரில் ஊர்க்காரர்கள் 2017, 2018-ல் போராடினார்கள். பைபாஸ் அந்த வழியேதான் போனது. 2025 மே 19-ம் தேதி அதே தேசிய நெடுஞ்சாலை 66-ல், மலப்புரம் மாவட்டம் கூரியாடு என்ற இடத்தில், வயலின் மேல் மண்மேடு போட்டுக் கட்டிய ரோடு அப்படியே சரிந்தது. ஈர மண் அத்தனை பாரத்தைத் தாங்கவில்லை. பிறகு அங்கே மண்மேட்டுக்குப் பதிலாகத் தூண்கள் மேல் பாலமாகக் கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். தண்ணீருக்கு வழிவிட்டு ரோட்டைத் தூக்கிக்கொண்டு போவது. முதலிலேயே செய்திருந்தால் செலவு கூடத்தான் ஆகியிருக்கும். இரண்டு தடவை கட்டுகிற செலவு ஆகியிருக்காது.

போன முறை ஊருக்குப் போனபோது மின்னசோட்டாவின் குழாய்க் கதையை மாமாவிடம் சொன்னேன். அவருக்கு வங்கியெல்லாம் சுவாரஸ்யப்படவில்லை. குழாயை உடைத்தார்கள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நம்ம சின்னக் கண்மாய் இருக்குல்ல?"

எனக்குத் தெரியாது. கூட்டிப்போய்க் காட்டினார். பெரிய கண்மாய்க்கு மேலே, வேலிக்கருவேல் காட்டுக்குள் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கரை கிடந்தது. நடுவில் உடைப்பு. கல் மடை ஒன்று அப்படியே நின்றது. மாமாவின் அப்பா காலத்தில் தண்ணீர் நின்ற கண்மாய். ஒரு வெள்ளத்தில் கரை உடைந்தது, அடைக்க ஆளில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். மாமா கைத்தடியால் கருவேல் தூரை விலக்கி மண்ணைக் குத்திக் காட்டினார். கறுப்பு. கரம்பை.

"முக்கால் ஏக்கர் வெட்டுன காசுல இந்த உடைப்பை அடைச்சிருக்கலாம் மாப்ள. வரத்துக்கால் இருக்கு, மடை இருக்கு, மண்ணு இருக்கு. கேட்டாத்தான?"

கேட்கவில்லைதான். அதிகாரி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மனுவில் ரோட்டின் அகலத்தை மீட்டரில் எழுதியவன், அந்த ரோடு எதன் மேல் போகிறது என்று ஒரு வரி எழுதவில்லை. ஊரிலேயே விவரம் தெரிந்த மனிதர் என் சொந்த மாமா. அவரிடம் கையெழுத்து வாங்கினேனே தவிர, யோசனை வாங்கவில்லை.

ஆகவே இப்போது இரண்டாவது மனு. இந்தத் தடவை மாமா சொல்லச் சொல்ல எழுதினேன். ஒன்று, வரத்துக்காலில் இருக்கிற குழாயை எடுத்துவிட்டு, ஓடைத் தரைமட்டத்துக்குப் பெட்டிப் பாலம் கட்ட வேண்டும். இரண்டு, சின்னக் கண்மாயின் உடைப்பை அடைத்து, கருவேலை வேரோடு எடுத்து, மடையைச் சரிசெய்ய வேண்டும். மூன்று, இனிமேல் இந்த வட்டாரத்தில் எந்த ரோடு அகலமானாலும், தூர்ப்பதற்கு முன்னாலேயே பதில் நீர்நிலையில் தண்ணீர் நின்றிருக்க வேண்டும்; அது அதே வரத்தில், அதே ஆயக்கட்டுக்காரர்களுக்குப் பாய்வதாக இருக்க வேண்டும். மூன்றாவதை யாரிடம் கொடுப்பது என்று எனக்குத் தெரியாததால், எல்லோருக்கும் நகல் போட்டேன்.

போன தடவை மாதிரி உருக்கமாக எழுதவில்லை. ஒரு வரைபடம் மட்டும் வைத்தேன். மாமா கையால் போட்டது. அம்புக்குறிகளெல்லாம் மலையிலிருந்து கிழக்கே இறங்கும்.

கையெழுத்து வாங்கத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். கூட்டம் போன தடவை அளவுக்கு இல்லை. ரோடு வந்துவிட்டதல்லவா? அத்தை காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, மனுவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு ஒரு கவலை.

"ஏப்பா, கண்மாயைக் கேக்கப் போயி ரோட்டைத் தோண்டிப்புட மாட்டாய்ங்களே? ரோடு இருக்கட்டும்னு எழுதுனியா?"

எழுதவில்லை. பேனாவை வாங்கி, அடியில் நான்காவதாக ஒரு வரி சேர்த்தேன்: ரோடு இருக்கட்டும். படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். அப்புறம்தான் அத்தை கையெழுத்துப் போட்டார்.